லேமுவேலின் அம்மா சொன்னதை மகனுக்குச் சொல்லித் தரும் விதம்

வேதாகமத்தில் லேமுவேல் ராஜாவுக்கு அவன் அம்மா சொன்ன புத்தியை உங்கள் மகனுக்குச் சொல்லித் தர, கரண்ட் போன நேரத்தில் ஆரம்பியுங்கள். ரங்கூனில் எங்கள் தாம்வே பக்கம் கரண்ட் முறை வைத்துத்தான் வருகிறது. வைஃபை நின்றுவிடும், போனில் சார்ஜ் இருக்காது, பதினேழு வயதுப் பையன் வேறு வழியில்லாமல் வாசற்படியில் வந்து உட்காருவான். அந்த அரை மணி நேரம் போதும். ஞாயிறு ஆராதனை முடிந்து உட்கார வைத்தால் அவன் கண் கடிகாரத்தில் இருக்கும். சாப்பிடும்போது சொன்னால் சோறு இறங்காது. இரண்டையும் செய்து பார்த்துக் கெடுத்த பிறகுதான் இதைச் சொல்கிறேன்.

நான் ரவிக்கை தைத்துப் பிழைப்பவள். எங்கள் சபையில் ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளுக்கு இருபத்தாறு வருஷமாகச் சொல்லித் தருகிறேன். பிள்ளைகள் பர்மியத்தில் ‘சயாமா’ என்றுதான் கூப்பிடுவார்கள், தமிழில் ‘டீச்சர்’ என்று சொல்ல வராது. எனக்கு இரண்டு மகன்கள். மூத்தவனிடம் இந்தப் பாடத்தைப் பாழாக்கினேன். இளையவனிடம் கொஞ்சம் தேறினேன். பக்கத்து வீட்டு அக்கா தன் மகனுக்கு எப்படிச் சொல்வது என்று கேட்டாள். அவளுக்குச் சொன்னதைத்தான் எழுதுகிறேன்.

பாடம் நீதிமொழிகள் 31ஆம் அதிகாரத்தில் முதல் ஒன்பது வசனம். அந்த அதிகாரம் என்றாலே நம் ஆட்களுக்கு 10ஆம் வசனம்தான் ஞாபகம் வரும்: குணசாலியான ஸ்திரீ. கல்யாண வீட்டிலும் அன்னையர் தினத்திலும் பெண்கள் கூட்டத்திலும் அதுவே பிரசங்கம். 10 முதல் 31 வரை 22 வசனம். எபிரெய எழுத்து 22, ஒவ்வோர் எழுத்திலும் ஒரு வசனம் தொடங்கும், நம் ஆத்திசூடி போல. அழகான பகுதிதான், குறை சொல்லவில்லை. ஆனால் இருட்டோடே எழு, விளக்கு அணையாமல் உழை என்று பெண்களுக்கு வருஷம் தவறாமல் சொல்கிற போதகர்கள், அதற்கு மேலே அதே பக்கத்தில் ஓர் அம்மா தன் ஆண்பிள்ளைக்குச் சொன்னதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். இருபத்தாறு வருஷத்தில் அந்த ஒன்பது வசனத்தின் மேல் நான் கேட்ட பிரசங்கம் ஒன்றே ஒன்று. அதுவும் மதுவிலக்குப் பிரசங்கம்.

யார் இந்த லேமுவேல் என்று பையன் கேட்பான். இஸ்ரவேல், யூதா ராஜாக்களின் வரிசையில் அந்தப் பெயர் கிடையாது. வேதத்தில் வேறு எங்கும் வராது. சாலொமோனின் இன்னொரு பெயர், அப்படியானால் அம்மா பத்சேபாள் என்று யூத ரபிகள் சொல்லிவந்தார்கள். நான் அந்த வாதத்துக்குள் பிள்ளையை இழுப்பதில்லை. அம்மாவுக்குப் பெயர் எழுதவில்லை என்பதோடு நிறுத்திக்கொள்வேன். பெயர் இல்லாத இடத்தில் நாம் உட்கார்ந்துகொள்ளலாம்.

முதல் நாள் அவனைக் கூப்பிடுவது மட்டும் போதும். இதைச் சின்ன விஷயம் என்று தள்ளாதீர்கள். 2ஆம் வசனம் முழுக்கக் கூப்பிடுவதுதான்: என் மகனே, என் கர்ப்பத்தின் குமாரனே, என் பொருத்தனைகளின் புத்திரனே. பொருத்தனை என்றால் நேர்ந்துகொள்வது. தமிழில் மகன், குமாரன், புத்திரன் என்று மூன்று சொல் போட்டிருக்கிறார்கள். மூலத்தில் மூன்று இடத்திலும் ‘பர்’ என்ற ஒரே சொல் என்று எங்கள் பழைய போதகர் சொல்லித் தந்தார். எபிரெயத்தில் மகனுக்கு வழக்கமான சொல் ‘பென்’, இந்த ‘பர்’ அரமேய மொழிச் சொல்லாம். இன்னொன்றும் சொன்னார், அதுதான் எனக்குப் பிடித்தது. மூன்று தடவையும் அதற்கு முன்னால் ‘மா’ என்று ஒரு சொல் இருக்கிறது. அதற்கு ‘என்ன’ என்று அர்த்தம். தமிழ் வேதாகமத்தில் அது விட்டுப்போயிருக்கிறது. எனக்குக் கேட்ட உடனே புரிந்துவிட்டது. பையன் இரவு பத்தரைக்கு வாசலில் செருப்பைக் கழற்றும்போது நாம் என்ன சொல்வோம்? ‘என்னடா.’ அவ்வளவுதான். அந்த ராஜாவின் அம்மாவும் ‘என்னடா மகனே’ என்றுதான் ஆரம்பித்திருக்கிறாள்.

அந்த ‘என்னடா’வை எந்தக் குரலில் சொல்கிறோம் என்பதில்தான் பாதிப் பாடம் இருக்கிறது. மூத்தவனிடம் போலீஸ்காரன் குரலில் சொன்னேன். மூன்று தடவை கூப்பிட்ட அம்மா மூன்றாவது தடவை பொருத்தனையை நினைவுபடுத்துகிறாள். அன்னாளும் சாமுவேலை அப்படி வேண்டித்தான் பெற்றாள். நீங்கள் எதை வேண்டி இவனைப் பெற்றீர்கள் என்பதை முதல் நாள் அவனுக்குச் சொல்லுங்கள். எங்கள் இளையவன் வயிற்றில் இருந்தபோது எனக்கு ரத்தப்போக்கு நிற்காமல் இருந்தது. பிள்ளை தங்கினால் அவனைத் தமிழில் ஜெபிக்க வைப்பேன் என்று பொருத்தனை செய்தேன். பர்மியப் பள்ளிக்கூடத்தில் படிக்கிற பிள்ளைக்கு அது எவ்வளவு பெரிய பாரம் என்று அப்போது தெரியவில்லை. இதை அவனிடம் சொன்னபோது சிரித்தான். ‘என்னைக் கேட்டிருக்கலாமே அம்மா’ என்றான். ஆனால் மறுநாள் கரண்ட் போனதும் அவனே வந்து உட்கார்ந்தான்.

பிள்ளைக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாவிட்டால் என்ன செய்வது? இங்கே பாதிப் பிள்ளைகளுக்குத் தெரியாது. பேசுவார்கள், எழுத்து வராது. வசனத்தைப் பர்மிய எழுத்தில், தமிழ் உச்சரிப்பிலேயே எழுதிக் கொடுங்கள். ஒரு தொல்லை உண்டு. பர்மிய ‘ர’ எழுத்தை இவர்கள் ‘ய’ என்று வாசிப்பார்கள். ரங்கூன் இவர்கள் வாயில் யாங்கோன் ஆவதும் அதனால்தான். என் வகுப்பில் ஒரு பையன் ‘யாஜாக்களுக்குத் தகுதியல்ல’ என்று சத்தமாக வாசித்தான். பரவாயில்லை, இரண்டு தடவை நீங்கள் வாயால் சொன்னால் திருத்திக்கொள்வான். அர்த்தத்துக்கு ஜட்சன் ஐயர் 1834இல் மோல்மேனில் மொழிபெயர்த்து முடித்த பர்மிய வேதாகமம் இருக்கிறது, அதைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஒலி தமிழில், அர்த்தம் பர்மியத்தில். கேட்பதற்குக் கோணலாக இருக்கும், ஆனால் நிற்கும்.

இனி வரிசை. இங்கே நான் வேதத்தின் வரிசையை மாற்றுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். அந்த அம்மா முதலில் பெண்கள், அப்புறம் குடி, கடைசியில் ஏழையின் நியாயம் என்று போகிறாள். அவள் மகன் ராஜா. வழக்கு என்றால் என்ன, தீர்ப்பு என்றால் என்ன என்று அவனுக்குத் தெரியும். நம் பையனுக்குத் தெரியாது. குடிக்காதே என்று ஆரம்பித்தால், இதோ அம்மா வழக்கமான பாட்டை எடுத்துவிட்டாள் என்று காதை மூடிக்கொள்வான். நான் 8, 9ஆம் வசனத்திலிருந்து பின்னால் வருவேன்.

‘ஊமையனுக்காகவும் திக்கற்றவர்கள் எல்லாருடைய நியாயத்துக்காகவும் உன் வாயைத் திற.’ பழைய மொழிபெயர்ப்பு, ‘ஊமையன்’ என்ற சொல்லை இன்றைக்கு யாரையும் பார்த்துச் சொல்லக் கூடாது என்று முதலில் சொல்லிவிடுங்கள். பிறகு கேளுங்கள்: வாய் இருந்தும் பேச முடியாதவர் யார்? என் இளையவன் கொஞ்ச நேரம் யோசித்து, ‘எதிர் வீட்டுப் பாட்டி’ என்றான். சரியான பதில். அந்தப் பாட்டிக்குப் பர்மியம் சந்தை அளவுக்குத்தான் வரும். அடையாள அட்டை விஷயமாக ஓர் அலுவலகத்துக்கு நாலு தடவை போய், கேட்ட கேள்விக்குத் தலையாட்டிவிட்டுத் திரும்பி வந்தவர். 1982 குடியுரிமைச் சட்டத்துக்குப் பிறகு தாத்தா பிறந்த ஊர் வரை காகிதம் தேடி அலைந்த குடும்பங்களை எங்கள் தெருவில் எண்ணி மாளாது. ஐந்தாவது தடவை இவனைக் கூட அனுப்பினேன். இவன் செய்தது பெரிதாக ஒன்றுமில்லை. பாட்டி தமிழில் சொன்னதைப் பர்மியத்தில் சொன்னான், அவர்கள் சொன்னதைத் தமிழில் சொன்னான், நடுவில் ஒருவர் பாட்டியைக் ‘கலா’ என்று, இந்திய வம்சத்தாரை இழிவாகச் சொல்லும் சொல்லால் கூப்பிட்டபோது, ‘அவருக்குப் பெயர் இருக்கிறது’ என்று பெயரைச் சொன்னான். அட்டை அன்றைக்கும் கிடைக்கவில்லை. ஆனால் எந்தக் காகிதம் குறைகிறது என்று முதல் தடவையாகத் தெரிந்தது.

வாயைத் திற என்பதற்கு இப்படி ஒரு வேலை கொடுத்துவிடுங்கள். வேலை இல்லாமல் அந்த வசனத்தைச் சொல்லித் தந்தால், பையன் நம்மிடம்தான் வாயைத் திறப்பான்.

இதற்குப் பிறகுதான் 4, 5. திராட்சரசம் என்றால் ஏதோ ஜூஸ் என்று பிள்ளைகள் நினைப்பார்கள். நம் ஊரில் தன்யே என்கிற பனங்கள்ளு, பியர் ஸ்டேஷன் எல்லாம் அதில் அடக்கம் என்று சொல்லிவிடுங்கள். ஆனால் நிறுத்த வேண்டிய இடம் 5ஆம் வசனம். ஏன் குடிக்கக் கூடாது? குடல் கெடும் என்று அந்த அம்மா சொல்லவில்லை. மானம் போகும், காசு போகும், நாலு பேர் என்ன நினைப்பார்கள் என்றெல்லாம் சொல்லவில்லை. நான் மூத்தவனிடம் சொன்னதெல்லாம் இவைதான். அவள் சொல்லும் காரணம் ஒன்று: குடித்தால் சட்டத்தை மறந்து, சிறுமைப்பட்டவனின் நியாயத்தைப் புரட்டிவிடுவாய். நஷ்டம் உனக்கு இல்லை, உன்னை நம்பி வந்து நிற்கிறவனுக்கு.

‘நான் என்ன ராஜாவா?’ என்று கட்டாயம் கேட்பான். பதிலைத் தயாராக வைத்திருங்கள். என் பதில், மூத்தவனின் கதை. அவன் அனுமதி வாங்கித்தான் எல்லோருக்கும் சொல்கிறேன். பயின்னவுங் மொத்தச் சந்தையில் ஒரு கிடங்கில் அவனுக்கு மூட்டைக் கணக்கு எழுதும் வேலை. உளுந்து, துவரை எல்லாம் அங்கிருந்துதான் கப்பலுக்குப் போகும். நம் இந்தியச் சொந்தக்காரர்கள் சுடுகிற வடையிலும் பர்மா உளுந்து இருக்கும். முதல் நாள் ராத்திரி குடித்துவிட்டு, காலையில் தலைவலியோடு கணக்கு எழுதியவன், ஒரு சுமைகாரரின் பெயரில் பதினெட்டு மூட்டையைக் குறைத்து எழுதிவிட்டான். அந்த ஆள் மாலையில் கூலி வாங்க வந்தார். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ‘தம்பி, நான் அதிகம் தூக்கினேன்’ என்றார். இவன் நோட்டைக் காட்டினான். நோட்டில் இருந்ததுதான் சட்டம். மூன்று நாள் கழித்து மொத்தக் கணக்கு இடித்தபோதுதான் இவனுக்குத் தன் தப்பு தெரிந்தது. அதற்குள் அந்த ஆள் வேறு சந்தைக்குப் போய்விட்டார். இன்றுவரை அவரைத் தேடிக்கொண்டிருக்கிறான்.

ஒருவருடைய கூலி உன் பேனாவில் இருக்கிற அந்த அஞ்சு நிமிஷம் நீ ராஜாதான் என்று இளையவனிடம் சொன்னேன். அவன் ஒன்றும் பேசவில்லை.

இங்கே அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் வீட்டுக்காரர் குடித்தார். இப்போது உயிரோடு இல்லை. மூத்தவனுக்குப் பாடம் எடுத்தபோது ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ‘உங்க அப்பா மாதிரி’ என்று முடித்தேன். பன்னிரண்டு வயதில் அவனுக்கு அப்பாமேல் கொள்ளை ஆசை. நான் அப்பாவைத் திட்டத் திட்ட, அவன் அப்பா பக்கம் போய் நின்றான். கடைசியில் அப்பா மாதிரியே குடிக்கவும் செய்தான். அதை வீம்பு என்பீர்கள், எனக்கு அது பாசம் என்று இப்போது தோன்றுகிறது. லேமுவேலின் அம்மா தன் கணவனைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை, கவனித்தீர்களா? அந்தப் பழைய ராஜா எப்படிப்பட்டவனோ, அவன் இந்த ஒன்பது வசனத்தில் இல்லை. உங்கள் வீட்டில் குடிக்கிற ஆள் இருந்தால், பையனே அவர் பெயரை எடுத்தால் ஒழிய நீங்கள் எடுக்காதீர்கள். எடுத்தால், ‘அப்பாவுக்கு அது நோய் மாதிரி ஆகிவிட்டது, எனக்கும் கஷ்டமாக இருந்தது’ என்று சொல்லி அதோடு விடுங்கள்.

அப்பா பேச்சு வந்தால் 6, 7ஆம் வசனமும் தானாக வரும். மடிந்துபோகிறவனுக்கு மதுபானம் கொடு, மனங்கசந்தவனுக்குத் திராட்சரசம் கொடு, அவன் குடித்துத் தன் குறைவை மறக்கட்டும் என்று இருக்கிறது. பல பேர் இதை வாசிக்காமல் தாண்டுவார்கள். தாண்டாதீர்கள், பையன் கண்டுபிடித்துவிடுவான். ‘அப்போ மனசு கஷ்டமா இருந்தா குடிக்கலாமா அம்மா?’ என்று என் இளையவன் கேட்டான். இரண்டு விஷயம் சொன்னேன். வலிக்கு மாத்திரை இல்லாத காலம் அது. சாகப்போகிறவனுக்கு வலி மரத்துப்போகக் கொடுத்தார்கள். இயேசுவைச் சிலுவையில் அறையும் முன் வெள்ளைப்போளம் கலந்த திராட்சரசம் கொடுத்ததை மாற்கு 15இல் காட்டினேன், அவர் அதை வாங்கவில்லை என்பதையும். இரண்டாவது, ‘மறந்து’ என்ற சொல் 5இலும் இருக்கிறது, 7இலும் இருக்கிறது, இரண்டையும் விரல் வைத்துப் பார் என்றேன். ஏழை மறப்பது தன் வலியை. ராஜா மறப்பது அடுத்தவனின் நியாயத்தை. இந்த இரண்டு மறதிக்கும் உள்ள தூரத்தைத்தான் அந்த அம்மா காட்டுகிறாள் என்பது என் எண்ணம். போதகர்கள் வேறு மாதிரிச் சொல்லலாம். ‘அப்பா எந்த மறதி?’ என்று கேட்டான். எனக்குத் தெரியவில்லை என்றேன். அப்படிச் சொல்வதற்கும் பழகிக்கொள்ளுங்கள்.

3ஆம் வசனத்தைக் கடைசிக்கு முந்தின நாள் வைத்துக்கொள்ளலாம். ஸ்திரீகளுக்கு உன் பெலனைக் கொடாதே என்பதை, பெண் என்றால் ஆபத்து என்று திரித்துச் சொல்லாதீர்கள். சொல்கிறவளே ஒரு பெண். சாலொமோனுக்கு 700 மனைவிகள், 300 மறுமனையாட்டிகள் என்று 1 இராஜாக்கள் 11 சொல்கிறது. ராஜாக்கள் பெண்களைச் சேர்த்து வைத்ததுதான் அங்கே பிரச்சினை. எங்கள் தெருவில் ஒரு பெண் குளித்துவிட்டு வந்ததை ஒரு பையன் போனில் எடுத்து நண்பர்களுக்கு அனுப்பினான். பெலன் என்றால் இதுவும்தான், போனும் ஒரு பெலன் என்று சொல்லுங்கள். கூச்சமாக இருக்கும். அப்பாவிடமோ போதகரிடமோ தள்ளிவிடத் தோன்றும். தள்ளாதீர்கள். முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாவிட்டால், காஜா எடுத்துக்கொண்டே சொல்லுங்கள், நான் அப்படித்தான் சொன்னேன்.

அதே வசனத்தின் அடுத்த பாதி, ‘ராஜாக்களைக் கெடுக்கும் காரியங்கள்’. நம் ஊரில் அதற்கு விளக்கம் தேட வேண்டாம். தாய்லாந்துப் பங்குச் சந்தை எண்ணை வைத்து ஒரு நாளைக்கு இரண்டு தடவை 2டி என்ற எண் சூதாட்டம். தேநீர்க் கடையில் எண்ணைக் கேட்டுவிட்டு இட்லி சாப்பிடாமல் எழுந்து போகிற ஆட்களை அவனே பார்த்திருப்பான். இதற்கு இரண்டு நிமிஷத்துக்கு மேல் செலவழிக்க வேண்டியதில்லை. தாய்லாந்து எல்லையில் மியாவடிப் பக்கம் கம்ப்யூட்டர் வேலை, கைநிறையச் சம்பளம் என்று போனில் வருகிற அழைப்புகளுக்கு மட்டும் இன்னும் இரண்டு நிமிஷம் ஒதுக்குங்கள். அங்கே மோசடிக் கூடங்களில் மாட்டியவர்கள் கதை எல்லோருக்கும் தெரியும்.

எத்தனை வயதில் தொடங்குவது என்று பக்கத்து வீட்டு அக்கா கேட்டாள். முன்பு பதினாறு என்று சொல்லியிருப்பேன். 2024 பிப்ரவரியில் கட்டாய ராணுவச் சேவைச் சட்டத்தை அமல்படுத்துவதாக அறிவித்தார்கள். ஆண்களுக்கு 18 முதல் 35 வயது. அதிலிருந்து ஆண்பிள்ளை இருக்கிற வீட்டில் எல்லாம் அவசரம். மலேசியாவுக்கோ தாய்லாந்துக்கோ கிளம்புகிறார்கள். வாசற்படியில் அவன் உட்காருகிற வருஷங்கள் குறைந்துபோய்விட்டன. பதிமூன்றில் தொடங்குங்கள், 3ஆம் வசனத்தை மட்டும் அவன் வயதுக்கு அளந்து சொல்லுங்கள்.

கடைசி நாள் ஒன்றும் சொல்லாதீர்கள். அவனை ஒப்பிக்க விடுங்கள். தப்பு விட்டால் விடட்டும்.

ஒரு எச்சரிக்கை மட்டும். பாடம் பிடித்துக்கொண்டால் செலவு உண்டு. எங்கள் தெருமுனைத் தேநீர்க் கடையில் பத்துப் பதினொரு வயதுப் பையன் ஒருவன் மேசை துடைப்பான். கிராமத்திலிருந்து வந்தவன், சம்பளம் ஊரில் அம்மாவுக்குப் போகும் என்பார்கள். போன மழைக்காலத்தில் ஒரு கோப்பையை உடைத்துவிட்டான். முதலாளி எல்லோர் முன்னாலும் கன்னத்தில் அறைந்தார். நானும் அங்கே இருந்தேன், கையில் தைத்து முடித்த ரவிக்கைப் பையோடு. நான் வாயைத் திறக்கவில்லை. இளையவன் எழுந்து போய், ‘கோப்பைக் காசை நான் தருகிறேன், அவனை அடிக்காதீர்கள்’ என்று பர்மியத்தில் சொன்னான். குரல் நடுங்கியது. முதலாளி காசையும் வாங்கிக்கொண்டு, இனி இந்தப் பக்கம் வராதே என்று இவனைத் திட்டி அனுப்பினார். அந்தக் கடையில் எங்களுக்கு மாசக் கணக்கு இருந்தது, அதையும் அன்றே முடிக்கச் சொன்னார். இப்போது தேநீருக்கு அடுத்த தெருவுக்குப் போகிறோம். அங்கே பால் கொஞ்சம் தண்ணீர்.